வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி
(மலையக வரலாற்றுத் தொடர் – 21)

சென்ற பகுதியை 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நிறுத்தியிருந்தேன். அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டத்துச் சனம் ரயிலேறி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன காலம் அது. வரிசைப்படி இந்தப் பகுதி 1977க்கு வரவேண்டும். வரிசையைக் குலைத்து 2014க்குத் தாவுகிறேன். இல்லாத காலத்திலும் லயத்துக்கு லயம் கைமாறிய அந்த ஒரு சுண்டு அரிசியைப் பற்றி எழுதத் தொடங்கினால், மனம் கொஸ்லந்தைக்குத்தான் போய் நிற்கிறது.

பெரகலையில் இருந்து வெல்லவாய்க்கு இறங்கும் பாதையில் இருக்கிறது கொஸ்லந்தை. மத்திய மலைநாடு தெற்கே சட்டென்று முடிந்து கீழ்நாட்டுக்குச் சரியும் விளிம்பு அது. மேலே ஹப்புத்தளை, பண்டாரவளை. கீழே வெல்லவாயின் வெப்பம். சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்குக் கொஸ்லந்தை என்றால் தியலும நீர்வீழ்ச்சி. 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரை அப்படி விழவைக்கும் அதே செங்குத்துச் சரிவில்தான் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் இருக்கின்றன. காலங்காலமாக மேலிருந்து உருண்டு வந்து தங்கிய மண்ணும் கல்லும் கலந்த படிவு பல சரிவுகளில் கிடக்கிறது. கொஞ்சம் தட்டையாகத் தெரிந்த இடத்தில் அன்றைய துரைமார் லயம் கட்டினார்கள். மழை பெய்தால் அந்தப் படிவு தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ஓர் அளவுக்கு மேல் அதனால் தன்னைத்தானே பிடித்துக்கொள்ள முடியாது. தண்ணீர்க் கான் வெட்டுகிற தொழிலாளிக்கு இது பாடப்புத்தகம் சொல்லித் தெரிந்ததல்ல. எந்த மலையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், கான் தூர்ந்தால் எங்கே ஊறும் என்று கையில் மண்வெட்டி பிடித்தவருக்குத் தெரியும்.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். கந்தசஷ்டியின் ஆறாம் நாள், சூரசம்ஹாரம். காலை ஏழரை மணியளவில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், அம்பிட்டிகந்தத் தோட்டத்தின் மீரியபெத்தைப் பிரிவில் மலை இறங்கியது. லயங்களோடு அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. கோயிலும் கடையும் போயின. மண்ணும் பாறையும் சேறும் சில நிமிடங்களில் ஓடி முடித்துவிட்டன.

ஏழரை மணி என்பது தோட்டத்தில் என்ன நேரம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலை ஆட்கணக்கெடுப்பான பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருப்பார்கள். லயத்தில் மிஞ்சுவது கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காய்ச்சலில் படுத்தவர்கள், அன்றைக்கு வேலைக்குப் பேர் போடாதவர்கள். அந்த நேரம்தான் பல உயிர்களைக் காப்பாற்றியது, பல உயிர்களை எடுக்கவும் செய்தது. வெள்ளைச் சீருடையில் பாடசாலையில் இருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. தாய் தகப்பன் இருவரையும் அன்று ஒரே காலையில் இழந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

இராணுவத்தினர் நூற்றுக்கணக்கில் வந்தார்கள், பெக்கோ இயந்திரங்கள் வந்தன, செஞ்சிலுவைச் சங்கம் வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள். இதெல்லாம் செய்தித்தாளில் இருக்கிறது. செய்தித்தாளில் இரண்டு வரிக்கு மேல் இடம்பெறாதது அதற்கு முந்திய பொழுது. இயந்திரம் அந்தச் சரிவுக்கு ஏறிவர நேரம் பிடிக்கும். முதலில் அங்கே நின்றவை பக்கத்து லயத்தின் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் வெறுங்கையுமே. மலையில் வேலையை விட்டு ஓடிவந்தவர்கள்தான் முதல் மீட்புப் படை. மீண்டும் சரியும் என்ற பயம் அங்கே ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கும். ஆனால் உள்ளே இருந்தது அவர்களுடைய சொந்தம்.

இந்த ஓடிவருதலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தத் தொடரின் பழைய பகுதிகளில் சிதறலாக வந்ததை இங்கே ஒன்றுசேர்க்கிறேன்.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. எதிர்மலையில் கொழுந்தெடுக்கிறவர்களுக்குக்கூட அது சாவுத்தப்பு என்று புரிந்துவிடும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே பக்கத்து வீடுகள் சமைக்கும். வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி, ஒரு கட்டு விறகு, முடிந்தால் தேங்காய். குழி வெட்டுவது இளவட்டங்களின் வேலை. இதுவே பின்னால் மாதச் சந்தா கட்டும் மரணாதார சங்கமாக உருப்பெற்றது. கோயில் கமிட்டி, மாதர் சங்கம், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் என்று வேறு வேறு பெயர்களில் இருப்பதும் ஏறக்குறைய இதே ஆட்கள்தான்.

இதை ஏழைகளின் இயல்பான நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. நல்ல மனசு எல்லா ஊரிலும் இருக்கிறது. மற்ற ஊர்களுக்குப் பின்னால் அரசு நிற்கும் இடத்தில், தோட்டத்துக்குப் பின்னால் நூற்றைம்பது வருடம் யாரும் நிற்கவில்லை. அதனால்தான் வேறு ஊர்களில் பழக்கமாக இருப்பது தோட்டத்தில் உயிர்பிழைக்கும் ஏற்பாடாக மாறியது.

1930களின் இறுதியில் கிராமசபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்கில்லை என்று ஆனது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஆளையே இல்லாமல் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு ஆட்களைப் பங்கிட்டார்கள். பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. தீர்ந்த பிறகும் உள்ளூராட்சியின் கதவு திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் செலவாவதற்குத் தடையாகவே நின்றது. தோட்டத்து மனிதர் வாக்குப் போட்டு ஒருவரைப் பிரதேச சபைக்கு அனுப்பலாம்; அனுப்பியவரின் லயத்துக்குப் போகும் பாதையில் அந்தச் சபை ஒரு கல் போட வழியில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மீரியபெத்தை மண்ணுக்குள் போய் அப்போது நான்கு வருடம்.

ஆக, ஒரு மதகு உடைந்தாலும் கூரைத் தகரம் பறந்தாலும் முதலில் துரையிடம் போக வேண்டும். துரை ‘பார்ப்போம்’ என்பார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுத் தகரத்தில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருப்பார்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனெனில் கொஸ்லந்தையில் மண்ணைவிடக் குழப்பமாக இருந்தது அதுதான். முதல் நாளில் முந்நூறு பேர் வரை காணவில்லை என்றார்கள். இருநூறு என்றார்கள், நூறு என்றார்கள். நாட்கள் போகப் போக, வேலைக்கும் பாடசாலைக்கும் வெளியூருக்கும் போயிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கணக்கில் சேர்ந்தார்கள். கடைசியில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 37 பேர் என்ற இடத்தில் எண் நின்றது. அதில் பாதிக்கு மேற்பட்டோரின் உடல் கிடைக்கவேயில்லை. மழை விடாமல் பெய்ததாலும் சேறு இறுகாததாலும் தேடுதல் நின்று நின்று நடந்து, பின் ஓய்ந்தது.

எண் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் ஒரு லயத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சில மணி நேரத்தில் சொல்ல முடியாத நிலை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். தோட்டத்துச் செக்ரோலில் பேர் போடும் ஆளின் கணக்கு இருக்கும். அது சம்பளத்துக்கான கணக்கு. கொழும்பில் கடையில் நிற்கும் மகன், மாமியார் வீட்டில் இருந்து வந்து தங்கிய மருமகள், ஓய்வுபெற்ற கிழவர் ஆகியோர் அதில் வரமாட்டார்கள். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் மூன்று குடும்பம் அடைந்திருக்கும்போது விலாசம் என்பதும் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் அந்த லயத்துப் பெண்கள்தான். வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி தண்டியவர்களுக்கு எந்த வீட்டில் எத்தனை வாய் என்று தெரியாமல் இருக்குமா?

உடல் கிடைக்காத சாவு தோட்டத்துக் குடும்பத்துக்கு இன்னொரு சுமை. மரணச் சான்றிதழ் வேண்டும், ஊழியர் சேமலாப நிதியைக் கேட்க வேண்டும், நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடதாசி கேட்பார்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருந்த தகரப் பெட்டி இப்போது மலைக்கு அடியில் இருக்கிறது.

எச்சரிக்கை இருந்ததா? இருந்தது. 1989இல் மலைநாட்டில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற சரிவுகளுக்குப் பிறகு, 1990 முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம் மாவட்டமாக மண்சரிவு அபாய வரைபடம் போட்டு வந்திருக்கிறது. சுனாமிக்குப் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. அந்த 2005இலேயே மீரியபெத்தை ஆபத்தான இடம், மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். 2011இல் திரும்பவும் எச்சரித்தார்கள்.

மழையின் அளவை வைத்தும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிப்படியாக எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீட்டர் என்றால் வெளியேறத் தயார். 150 மில்லிமீட்டரைத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் கொட்டினாலோ உடனே வெளியேறு. இது நல்ல முறை. பல இடங்களில் உயிர் காத்த முறை. ஆபத்துப் பகுதிகளில் ஊராரே பார்த்துக் குறிக்கும் எளிய மழைமானிகளும் உண்டு.

ஆனால் ‘நாங்கள் எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை’ என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எங்கே போவது? லயம் அவர்கள் பெயரில் இல்லை. லயம் நிற்கும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. ஒரு பேர்ச் காணிகூட இல்லாதவரிடம் ‘எழும்பிப் போ’ என்றால், அவர் போகக்கூடிய ஒரே இடம் இன்னொரு லயத்தின் வாசல். அங்கே ஏற்கெனவே இரண்டு குடும்பம். தோட்டத்தை விட்டுத் தூரப் போனால் பேர் போய்விடும். 2014இல் நடப்பில் இருந்த கூட்டு ஒப்பந்தப்படி ஒருநாள் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். வரவுக்கும் விலைக்குமான கொடுப்பனவெல்லாம் சேர்ந்தால் 620. அந்தச் சம்பளத்தில் கொஸ்லந்தை டவுனில் வாடகை வீடு எடுக்கச் சொல்வதா? மாற்றுக் காணி காட்டாமல் கொடுத்த எச்சரிக்கை, கொடுத்தவருடைய கோப்புக்குத்தான் உதவியது. ஒன்பது வருடம் இருந்தது. பின்னால் கட்டிக்கொடுத்த 75 வீட்டுக்கும் தலா ஏழு பேர்ச் என்று வைத்தாலும் மொத்தம் நாலு ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஊவா மாகாணத்தில் அந்த நாலு ஏக்கர் அந்த ஒன்பது வருடத்தில் அகப்படவில்லை.

உயிர்தப்பியவர்களும் ஆபத்துப் பகுதியில் இருந்து எழுப்பப்பட்டவர்களுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொஸ்லந்தை, பூனாகலைத் தமிழ்ப் பாடசாலைகளில் தங்கினார்கள். பாண், பருப்பு, சோறு என்று முதலில் வந்தது அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும், கொஸ்லந்தை டவுனின் சிங்கள, முஸ்லிம், தமிழ்க் கடைகளில் இருந்தும், கிராமங்களில் இருந்தும். விகாரை, பள்ளிவாசல், கோயில், தேவாலயம் என்று வேறுபாடு பார்க்காமல் சாமான் சேர்ந்தது. மறக்கக்கூடாத ஒன்று இது. அதே ஊவாவின் தோட்டங்களில் 1977இலும் 1983இலும் இனக்கலவரத்தில் லயம் எரிந்த நினைவு வயதானவர்களுக்கு இருக்கிறது. 2014இல் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த கைகளையும் அவர்கள் பார்த்தார்கள். இரண்டையும் வரலாற்றில் எழுதத்தான் வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து லொறிகள் வந்தன. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. தறப்பாள் கூடாரத்தில் வரிசையில் நின்று சோறு வாங்கியவர்கள், இப்போது தாங்கள் உலர் உணவு கட்டி அனுப்பினார்கள். வன்னிக்கும் மலைக்கும் உறவு புதிதல்ல என்பதைச் சென்ற பகுதியைப் படித்தவர்கள் அறிவார்கள். 1974இல் பசியோடும், 1977இல் பயத்தோடும் இறங்கிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள்.

சாமான் குவிந்த சில நாட்களில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. உடுப்பு மலையாகச் சேரும், அதில் பெண்களுக்கு வேண்டிய உள்ளாடை இராது. பால்மா வரும், சுடுதண்ணீர் வைக்க அடுப்பு இராது. பள்ளிப் புத்தகமும் சீருடையும் யாருக்கும் முதலில் ஞாபகம் வராது. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை நிற்கிறது. எந்த முகாமிலும் இதைச் சரிப்படுத்துகிறவர்கள் அங்கேயே இருக்கும் ஆசிரியர்களும் மாதர் சங்கப் பெண்களும்தான். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிய ஒரு கொப்பி, ஒரு லொறிச் சாமானுக்குச் சமம்.

கமராக்கள் சில வாரங்களில் போய்விட்டன. நவம்பர் 20இல் ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டது, நாட்டின் கண் அங்கே திரும்பியது. பாடசாலைகளைத் திறக்க வேண்டியிருந்ததால், வீடிழந்த குடும்பங்கள் வேலை நின்றுபோன ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டன. கொழுந்து வாட்டும் மாடியில் பலகையும் துணியும் வைத்துத் தடுத்த அறைகள். தாங்கள் பறித்த கொழுந்து வாடிய அந்த இடத்தில் பிள்ளைகள் படித்தார்கள், கிழவர்கள் இருமினார்கள், குழந்தைகள் பிறந்தன. சில மாதம் என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது.

2016இல் பூனாகலைப் பக்கம் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி முடிந்தன. இராணுவத்தினரின் உழைப்பில் எழுந்த தனி வீடுகள், சுற்றி ஏழு பேர்ச் காணி. நான்கு பக்கமும் காற்று வரும் வீட்டில், பக்கத்து அடுப்பின் புகை நுழையாத அறையில் அவர்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகப் படுத்தார்கள். ஒரு லயத்துக் குடும்பத்துக்குத் தனி வீடு கிடைக்க மலை இடிந்து விழ வேண்டியிருந்தது என்ற நினைப்பு எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது.

கடலுக்கு அக்கரையில் ஒரு சம்பவத்தையும் இங்கே வைக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை இறங்கி நான்கு லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்துத் தமிழர்கள். அங்கேயும் அதை லயம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயும் வீடு கம்பனியுடையது, வேலை போனால் வீடும் போகும். திருநெல்வேலிச் சீமையில் இருந்து ஒரு கங்காணி தெற்கே கப்பலேற்றினார், இன்னொருவர் மேற்கே மலையேற்றினார். நூறு வருடத்துக்குப் பின்னால் இரண்டு மலையிலும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிச் சாவு. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் தேயிலைத் தோட்டத்து வீடுகளை மண் மறுபடி அள்ளிப்போனது.

கொஸ்லந்தைப் பக்கத்திலும் கதை முடியவில்லை. 2023 மார்ச் 19இல் பூனாகலை கபரகலையில் லயங்களின் மேல் மண் சரிந்தது. அங்கிருந்தவர்கள் காயங்களோடு தப்பினார்கள், மறுபடியும் பூனாகலைப் பாடசாலைதான் முகாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கைக்குள் நுழைந்தபோது 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் நூற்றுக்கணக்கான இடங்களில் அறுத்துக்கொண்டு வந்தன. ரயில் பாதை தொங்கியது, பாதைகள் அடைபட்டன. அடைபட்ட மலையில் முதல் வேளைச் சோறு எங்கிருந்து வரும்? சேதமில்லாத பக்கத்து லயத்தில் இருந்துதான் வரும். முகாம்களில் இருந்து மீண்டும் ஒரே கேள்வி எழுந்தது: திரும்பிப் போகச் சொல்லும் லயத்தில் படுக்க முடியாது, வேறு காணி எங்கே? 2005இல் மீரியபெத்தை கேட்டிருக்கக்கூடிய கேள்விதான்.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 29ஆம் தேதி, உறவினர்கள் மீரியபெத்தைக்கு வருகிறார்கள். அந்த இடத்தில் இப்போது புல்லும் மானாவும் உயர்ந்து நிற்கின்றன. எந்த வீடு எங்கே இருந்தது என்று வயதானவர்கள் கையால் காட்டுவார்கள்: இது கோயில், இது பணிய லயம், இதுதான் நம்ம வாசல். உடல் கிடைக்காதவர்களுக்குக் குழிமேடு இல்லை. அவர்கள் இருந்த வீட்டின் திசையைப் பார்த்துத்தான் விளக்கு வைக்க வேண்டும், படையல் போட வேண்டும். படையலுக்கான அரிசி இன்றைக்கும் வீட்டுக்கு வீடு சேர்வதுதான்.

அடுத்த பகுதியில், தாண்டிவந்த இடத்துக்கு, 1977 ஆகஸ்டுக்குத் திரும்புவோம்.

(தொடரும்)